பூட்டுப் போடாத பாட்டு

பெரம்பூரில் ரயில்வே பணிமனையின் பின்மதிலை ஒட்டி பாய்லர் லைன் என்று ஒரு தெரு இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். "சத்தத் தெரு" என்று சொல்லிப் பாருங்கள், "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று வண்டியை எடுப்பார். அந்தத் தெருவில் ஏழு மாதமும் ஒன்பது நாளும் ஆளே இல்லாமல் ஒரு பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது. அதைக் காதால் கேட்டவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், சந்தேகப்படுகிறவர்கள் போய் விசாரித்துக்கொள்ளலாம். அதை ஓடவிட்டவள் தெபோரா. நிறுத்தியவளும் அவள்தான், ஆனால் அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை.

தெபோராவுக்கு முப்பத்தாறு வயது. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களுக்கு நடுவே, புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஓரம் அடிக்கும் கடை வைத்திருந்தாள். அவளுக்குப் பாட வராது. மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து இரண்டு ஃபாதர்கள் அவளை இரண்டு முறை மரியாதையாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். ஆனால் தான் எழுதியதைத் தானே நின்று பேசினாளென்றால் குடம் தூக்கிப் போகிறவர்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிடுவார்கள். "தண்ணி லாரி வந்த அன்னிக்கு, கொடத்துக்கு முன்னாடி என் கண்ணு ரொம்பிச்சு" என்று அவள் ஆரம்பித்த ஒரு நாளில்தான் எதிர்வீட்டு மெர்வின் ரொசாரியோ தன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் சொல்லுக்கு அடியில் தடித்த கம்பியை மெல்ல அதிரவிட்டான். அன்றிலிருந்து பதினோரு வருடம் அந்த ஸ்டூல் அவனுடையதாகவே இருந்தது.

மெர்வின் ஆங்கிலோ இந்தியன் வீட்டுப் பிள்ளை, இஞ்சின் டிரைவர் மகன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையில் பெரியவர்கள் ஆட, ஓரத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைத்தட்டும் ஃபங்க் இசைத்தட்டும் கேட்டு வளர்ந்தவன். கல்யாண ஊர்வல பேண்டில் ட்ரம்பெட் ஊதும் மஸ்தான் பாயையும், சாவு வீட்டு மேளத்தில் பேர்போன ஏழுமலையையும் அவன்தான் சேர்த்தான். ஃபங்க் என்றால் என்ன என்று ஏழுமலை கேட்டபோது, "நாத்தம்ணே, ஆனா விட்டுட்டு இருக்க முடியாத நாத்தம்" என்று மெர்வின் சொன்னதில், குழுவுக்குக் "கருவாடு" என்று பேர் வைத்தார்கள். கல்யாணத்துக்கும் இழவுக்கும் வாசித்த கைகள், சர்ச்சில் கற்ற உருக்கம், குழாயடிப் பேச்சு எல்லாம் ஒரே சட்டியில் கொதித்த அந்த இசைக்கு மெர்வின் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். "எத வேணா வுடு, ஒண்ண வுடாத" என்பான். எட்டு எண்ணிக்கைக்குள் யார் எங்கே அலைந்தாலும் முதல் எண்ணிக்கையில் எல்லாரும் ஒன்றாக வந்து விழ வேண்டும், அதுதான் ஒண்ணு.

இன்னொரு சட்டம் ஏழுமலை கொண்டுவந்தது. "சாவு வீட்டுல அடிக்கிறவன் அவம்பாட்டுக்கு நிறுத்தக் கூடாதும்மா, அந்த வூட்டு ஆளு கை தூக்கணும். அதுக்கு முன்னாடி நிறுத்திட்டா போறவன் போவவும் முடியாம, இருக்கவும் முடியாம நின்னுடுவான்னு எங்கப்பன் சொல்லும்" என்றார். அதனால் கருவாடு குழுவில் பாட்டை நிறுத்தும் உரிமை வாசிப்பவர் யாருக்கும் கிடையாது. தெபோரா கடைசி வரியைச் சொல்லிக் கையைத் தூக்கினால்தான் பாட்டு முடியும். அந்தக் கடைசி வரிக்குப் பூட்டு என்று பேர். பூட்டு விழும்வரை மெர்வின் தன் எட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருப்பான், கால் மணி நேரமானாலும் அவள் முகத்தையே பார்த்தபடி வாசித்துக்கொண்டிருப்பான்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது தெருவுக்கே தெரிந்த விஷயம், அவர்கள் இருவரிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அவள் சொல்வாள், இவன் வாசிப்பான், அதிலேயே எல்லாம் ஆகிவிட்டது என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள். இப்படியிருக்க, ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊரில் இருந்த மெர்வினின் அக்கா முதலில் அம்மாவை அழைத்துக்கொண்டாள், பிறகு தம்பிக்கும் காகிதம் எல்லாம் சரிசெய்து அனுப்பினாள். அம்மா அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து மகனைக் கேட்டு அழுவதாக வாரம் தவறாமல் செய்தி வந்தது.

அவன் கிளம்பும் நாள் மாதா கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. மாலை நாலரை மணிக்குத் தொட்டியடியில் மேடை, ஆறு மணிக்கு விமான நிலையம் போக டாக்ஸி. கடைசிப் பாட்டு ஓடியது. தெபோரா எல்லா வரியும் சொல்லி முடித்துவிட்டாள், பூட்டு மட்டும் பாக்கி. அதை எழுதிய தாள் கையில்தான் இருந்தது. மெர்வின் அவள் முகத்தைப் பார்த்தபடி எட்டைச் சுற்றினான், மறுபடியும் சுற்றினான். பூட்டுப் போடாவிட்டால் பாட்டு முடியாது, பாட்டு முடியாவிட்டால் இவன் எப்படிப் போவான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சின்னப்பிள்ளைத்தனம்தான், அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, கையைத் தூக்காமல் மேடையை விட்டு இறங்கினாள்.

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். ஏழுமலை குச்சியைக் கீழே வைத்தார். மஸ்தான் பாய் ட்ரம்பெட்டைத் துடைத்தார். மெர்வின் கம்பிகளிலிருந்து கையை எடுத்தான், வயரைப் பிடுங்கினான், கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். சத்தம் நிற்கவில்லை, தலைக்குமேல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எட்டு எண்ணிக்கை சுற்றி வந்து ஒண்ணில் விழுந்தது, மறுபடி கிளம்பியது. மெர்வின் கொஞ்ச நேரம் தொட்டியை அண்ணாந்து பார்த்தான், தெபோராவைத் தேடினான், அவள் கடைக்குள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். விமானம் யாருக்கும் காத்திருக்காது என்று டாக்ஸிக்காரர் சொன்னார், அவன் ஏறிக்கொண்டான்.

முதல் மூன்று நாள் தெரு யார்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தது. மின்வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்குளுது இல்ல" என்று சொல்லி இறங்கினார், போகும்போது காலால் தாளம் போட்டபடியே போனார். தண்ணீர் வாரியத்தார் தொட்டியைத் தட்டிப் பார்த்து, தண்ணீருக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபாதர் இருதயம் வந்து கண்ணை மூடி நின்று கேட்டார், "பிசாசுக்கு இவ்ளோ தாளம் வராது, பயப்படாதீங்க" என்றார். அதோடு விசாரணை முடிந்தது, தெரு அதனோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது.

குக்கர் விசில் ஒண்ணில் விழுந்தது. துணி தேய்ப்பவரின் பெட்டி ஒண்ணில் திரும்பியது. ரேஷன் கடை வரிசை எட்டு எண்ணிக்கைக்கு ஓர் அடி நகர்ந்தது, இடித்துத் தள்ளுகிறவர்கள் என்று ஒரு ஜாதியே அந்தத் தெருவில் இல்லாமல் போயிற்று. குழாயடியில் சண்டை வந்தால், திட்டுகிறவள் ஒண்ணு விழட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்ததால், காத்திருந்த நேரத்தில் கோபம் ஆறிப்போய், "சரி, வயசான காலத்துல வந்திருக்கே, மொதல்ல புடி" என்று குடத்தை நகர்த்திக் கொடுத்தாள். பிள்ளைகள் தூளியை ஆட்டாமலே தூங்கின. பெண் பார்க்க வந்த கொளத்தூர்க்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தட்டு மாற்றிவிட்டார்கள், அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்து பெண் இப்போது மாசமாக இருக்கிறாள். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் குடிபோனவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து தொட்டியடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள்.

எல்லாரையும்விட அதிகம் பெற்றவர் ரிட்டயர்டு லைன்மேன் தனபால். பிறந்ததிலிருந்து அவருக்குத் திக்குவாய். ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர முகமெல்லாம் சிவந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, அவரிடம் கேள்வி கேட்பதையே ஊர் விட்டிருந்தது. அவர் அந்த எட்டின்மேல் வார்த்தையை ஏற்றிப் பார்த்தார். கிளம்பிவிட்டது. அதன்பிறகு முப்பத்தெட்டு வருடமாக மனைவி அம்சவேணியிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம், கல்யாணத்தன்று கட்டியிருந்த புடவை பிடித்திருந்தது என்பதில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

தெபோரா மட்டும் ஒரு வரி எழுதவில்லை. ஏழுமலையும் மஸ்தான் பாயும் சாயங்காலம் வந்து அந்தச் சத்தத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பார்கள், அவள் பேசவேண்டிய இடம் வரும், வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது. கடைக்குள்ளே தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் சத்தம் தண்டுவடத்தில் ஏறும். ஸ்டூலின்மேல் அவள் வைக்கிற டீ கிளாஸில் ஆடை மெல்ல நடுங்கும். அதைப் பார்த்தபடியே டீ ஆறிப்போகும். மெர்வின் போய்விட்டான் என்று கண் சொன்னது, இல்லை இங்கேதான் இருக்கிறான் என்று முதுகு சொன்னது, அவள் முதுகைத்தான் நம்பினாள். ஆனாலும் அந்த ஸ்டூலில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னா தெபோ, இன்னிக்கி இன்னா எழுதுன" என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பாள். இருந்ததால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏங்கினாள்.

ஏழு மாதம் கழிந்து, ஒரு புதன்கிழமை பகலில் பெர்த்திலிருந்து போன் வந்தது. போனதிலிருந்து அவன் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பியதோடு சரி, பேசியதில்லை.

"தெபோ, அங்க இன்னும் கேக்குதா?" என்றான் மெர்வின்.

அவள் போனைத் தூணில் ஒட்டி வைத்தாள். பிறகு திரும்பக் காதில் வைத்தாள்.

"நாந்தான் அது" என்றான். "இங்க எனக்கு வரல தெபோ. அதே கிட்டாரு. கடைல காட்டிட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்குன்றான். வேற ஆளு தொட்டா கத்துது, நான் தொட்டா ஊம. போன ஞாயித்துக்கெழம சர்ச்ல என்ன நிக்க வெச்சாங்க. கை ஓடுது, சத்தம் இல்ல. அம்மா மொத வரிசைல உக்காந்து பாத்துனு இருக்காங்க."

தெபோரா ஸ்டூலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ பூட்டு போடல."

"போடல."

"ஏன் தெபோ?"

"போட்டா நீ போய்டுவியேன்னுதான்." சொல்லிவிட்டாள். பதினோரு வருடத்தில் சொல்லாததை நாலாயிரம் மைல் தள்ளி நின்றவனிடம் இத்தனை சுருக்கமாகச் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் கேட்டிருந்தா இருந்திருப்பியா?"

"நீ கேக்கவே இல்லியே."

"இப்ப கேக்கறேன். வா."

அவன் வேலை செய்யும் கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வரும் ஒலி விட்டு விட்டுக் கேட்டது. "அம்மாவ மறுபடி ஜன்னலாண்ட உக்கார வுட்டுட்டு எப்படி வர்றது தெபோ" என்றான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டோம் என்று மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது.

"நீ ஒண்ணு பண்ணு" என்றான் அவன். "பூட்ட போட்டுரு. இல்ல, மனசு வரலன்னா வேணாம்னு சொல்லிடு. நான் கிட்டார யாருக்குனா குடுத்துடறேன், உனக்கு அங்க கேட்டுனு இருக்கட்டும். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் கோச்சிக்க மாட்டேன்."

அவள் அன்று கடையைச் சீக்கிரம் மூடினாள். அவள் சொல்லாமலே சேதி தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் தெருவில் எந்தச் சேதிதான் தெரியாமல் இருந்தது. சனிக்கிழமை காலையில் தொட்டியடியில் கூடினார்கள். "போனவரு போய்ட்டாரு, சத்தம் இப்ப தெருவோடது" என்றது ஒரு கட்சி. "புள்ளைங்கள எப்படித் தூங்கவைக்கறது" என்றார்கள் தாய்மார்கள். தனபால் எழுந்து நின்று, ஒண்ணு விழக் காத்திருந்து, "போடாதம்மா. நான் இன்னும் பாதிகூட சொல்லி முடிக்கல" என்றார்.

"மீதியும் சொல்லிட்டீன்னா நான் எங்க போய் நிக்கறது" என்றாள் அம்சவேணி. எல்லாரும் சிரித்தார்கள், தெபோராகூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அம்சவேணி கணவனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "அந்தப் புள்ள அங்க ஊமையா நிக்குதாம். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள்.

தனபால் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. முடிவைத் தெபோராவிடமே விட்டார்கள், அவளும் அன்று சாயங்காலமே செய்துவிடுவது என்றாள், நாள் தள்ளினால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

நாலு மணிக்கு ஏழுமலை உட்கார்ந்தார். மஸ்தான் பாய் ஒரு கல்யாணத்திலிருந்து நேரே வந்ததால் சிவப்புச் சட்டையும் தங்கச் சரிகையுமாக நின்றார். முழுப் பாட்டையும் முதலிலிருந்து எடுத்தார்கள். ஏழு மாதமாக வராத பேச்சு தெபோராவுக்கு வந்தது, ஒரு வரிகூட மறக்கவில்லை. பூட்டு வரும் இடம் வந்தது. அன்றைக்குத் தாளில் எழுதி, சொல்லாமல் மடித்து வைத்ததையே சொன்னாள்.

"போயிட்டு வா."

கையைத் தூக்கினாள். சத்தம் தொட்டியிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு வீட்டு வாசலாக அதிர்வு கடந்துபோவதைக் காலடியில் எல்லாரும் உணர்ந்தார்கள், பணிமனை மதிலைத் தாண்டியது, ஸ்டேஷன் பக்கம் தேய்ந்து மறைந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மெல்ல ஓர் அதிர்வு கிளம்பியது, மதிலைத் தாண்டியது, வாசல் வாசலாக வந்தது, தொட்டியில் ஏறி உட்கார்ந்து ஒண்ணில் விழுந்தது.

ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "வான்னு சொன்ன. வந்துடுச்சி."

அது எல்லாருக்கும் நியாயமாகப்பட்டது. ஆனால் வேறு என்ன சொல்வது? கிளம்புகிற ஒருவரைப் பார்த்துப் போ என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. பால்காரருக்குக்கூட போயிட்டு வாங்க, மருத்துவமனைக்குக் கிளம்புகிறவருக்குச் சத்தமாக போயிட்டு வாங்க, போகிறவரும் போறேன் என்று சொல்லக் கூடாது, வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் போ என்பது நாய்க்கும் காக்கைக்கும் சொல்வது, வயிறெரிந்து சபிக்கும்போது சொல்வது. "அத்தப் போயி எப்படிம்மா அந்தப் பையனுக்குச் சொல்றது" என்றார் மஸ்தான் பாய்.

மறுபடி எடுத்தார்கள். இரண்டாம் முறை பாட்டு முன்னைவிட நன்றாக வந்தது, அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எட்டு எட்டாகச் சுற்றிக்கொண்டு அது அவளுக்காகக் காத்திருந்தது, பதினோரு வருடமும் காத்திருந்த மாதிரியே. அவள் மைக்கை வாயிலிருந்து இறக்கினாள், இது மைக்கில் சொல்கிற சொல் இல்லை. தூணில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இரு" என்றாள். ஒண்ணு விழுந்தது. அடுத்த ஒண்ணு விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போ" என்றாள்.

பெண்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சத்தம் இந்த முறை தெருவழியாகப் போகவில்லை. தூணில் வைத்த கையின் கீழேயே, பால் அடங்குவது போல, அடங்கிவிட்டது. காத்திருந்தார்கள். ஒரு டீ நேரம், இரண்டு டீ நேரம். யார் வீட்டிலோ மின்விசிறி கடகடத்தது. ஒரு குழந்தை எழுந்து அழுதது. தனபால் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது, முகம் சிவந்தது. அம்சவேணி அதை எடுத்துக்கொடுக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. அது வெளியே வரும்வரை அவர் முன்னாலேயே நின்றாள்.

தெபோரா வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அன்று அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளாமல், இழவு வீட்டுக்குச் சோறு அனுப்புவது போல, தெரு அவளுக்குச் சாப்பாடு அனுப்பியது. ஒரு வீட்டிலிருந்து ரசம், ஒரு வீட்டிலிருந்து முட்டைக் குழம்பு, மஸ்தான் பாய் கல்யாண வீட்டில் கட்டிக்கொடுத்த பிரியாணியை அப்படியே. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏழுமலை தூக்குச்சட்டியோடு வந்து, தட்டில் அவரே போட்டு, "ரெண்டு வாய் துன்னும்மா" என்று எதிரில் உட்கார்ந்தார்.

போன் சிணுங்கியது. பெர்த்திலிருந்து குரல் பதிவு, முக்கால் நிமிடம். அவள் கைகழுவக்கூட இல்லை, இடது கையால் அழுத்தினாள்.

அதே எட்டு எண்ணிக்கைதான். ஆனால் ஏழு மாதம் சத்தமில்லாமல் கிடந்த கை, விரல் கெட்டியாகிவிட்டது போலிருந்தது, ஒரு இடத்தில் வழுக்கியது, இன்னோர் இடத்தில் ஒண்ணையே தவறவிட்டது. தவறியதும் அவன் "ச்சே" என்று சொன்னது கேட்டது. பின்னால் ஒரு வயதான அம்மாள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவன் மறுபடி எடுத்தான்.

ஏழுமலை முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இது, எடத்துக்கு எடம் பிசகறான். தொட்டில இருந்தது ஒரு தபா பிசகினது இல்லியே."

"ஆமாண்ணே" என்றாள் தெபோரா. "இது அவன் கை. அவன் அங்கதான் இருக்கான்."

சொல்லிவிட்டு, ஏழு மாதத்துக்கு முன்பு டாக்ஸி ஏறிப் போனவனுக்காக, சோற்றுக் கையோடு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.